பெயர்ச்சீட்டை விரலால் மறைத்துப் பாருங்கள்

ஆய்வுக் கட்டுரையின் வரைவை முடித்ததும் பென்சிலை எடுத்து, 'இயம்', 'வாதம்', 'த்துவம்' என்று முடியும் சொற்களையெல்லாம், அதாவது சிந்தனைப் போக்குகளுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டுகளையெல்லாம், வட்டமிடுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்தாறு வட்டங்கள் விழுந்தால் வியப்படைய வேண்டாம்; எனக்கு ஒருமுறை பதினொன்று விழுந்தது.

பிறகு ஒவ்வொரு வட்டத்தையும் விரலால் மறைத்துவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். "இக்கதை பின்நவீனத்துவத் தன்மை கொண்டது" என்பதில் அந்தச் சொல்லை மறைத்தால் எதுவும் மிஞ்சாது. மாறாக, "கதைசொல்லி நடுவில் குறுக்கிட்டு, இதுவரை சொன்னது பொய் என்கிறார்" என்று எழுதினால் பெயரே தேவையில்லை. வாசகர் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். வெறும் பெயரை என்ன செய்வது?

பெயர் புகழ் பெறப் பெற அதன் பொருள் நீர்த்துப்போகும். அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் கூன் 1962இல் பரவலாக்கிய 'பாரடைம்' (ஒரு துறையினர் பொதுவாக ஏற்றுச் செயல்படும் சிந்தனைச் சட்டகம்) என்ற சொல், அவருடைய ஒரே நூலில் குறைந்தது 21 பொருள்களில் வருவதாக மொழியியல், தத்துவ ஆய்வாளர் மார்கரெட் மாஸ்டர்மன் எண்ணிக் காட்டினார். கூனுக்கே அந்தக் கதி!

எல்லாப் பெயர்களையும் வெட்டச் சொல்லவில்லை. ஒரு சிந்தனை மரபையே சுட்ட வேண்டுமானால் பெயர் வேண்டும்தான். முதன்முறை வரும்போதே, நீங்கள் எந்தப் பொருளில் ஆள்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி வர மறுத்தால் சொல்லை நீக்கிவிடுங்கள்.

ஆட்களுக்கு ஒட்டும் சீட்டில் கூடுதல் கவனம் தேவை. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு தம்மை இருத்தலியலாளர் (வாழ்வுக்கான பொருளை மனிதரே தம் தேர்வுகளால் உருவாக்குகிறார் என்னும் சிந்தனை மரபினர்) என்று அழைப்பதை வெளிப்படையாகவே மறுத்தவர். "இன்னார் இன்ன வாதி" என்பதற்குப் பதிலாக, "இன்னார் இதைச் சொல்கிறார்" என்று எழுதிப் பழகுங்கள்.