கோப்புகளைப் புத்தகம் மாதிரி அடுக்காதீர்கள்

நூலகப் பட்டம் முடித்துவிட்டு ஒரு பழைய அலுவலகத்தின் பதிவறையை ஒழுங்குபடுத்தப் போகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது, கட்டுகளைப் பிரித்து நீர்ப்பாசனம் ஒரு பக்கம், நிலவரி ஒரு பக்கம் என்று பொருள்வாரியாக அடுக்குவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புத்தகத்தை எந்த அலமாரியில் வைத்தாலும் அது அதே புத்தகம். ஒரு கடிதம் அப்படி இல்லை. முன்னால் வந்த மனு, ஓரத்தில் மேலதிகாரி எழுதிய குறிப்பு, கடைசியில் போட்ட உத்தரவு எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் அது என்ன சொல்ல வருகிறது என்றே புரியும். எந்த அலுவலகத்தில் உருவானதோ அந்தத் தொகுப்பைக் கலக்காமல் வைக்க வேண்டும் என்று பிரான்சில் 1841லேயே சுற்றறிக்கை போனது. உள்வரிசையையும் கலைக்கக் கூடாது என்பதை 1898இல் நெதர்லாந்தின் மூன்று ஆவணக் காப்பாளர்கள் கையேடாகவே எழுதினார்கள்.

சரி, கோப்புகளைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி, புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் தசம வகைப்பாட்டை வெளியிட்டது 1876இல். அவர் தொடங்கிய லைப்ரரி பீரோ என்ற நிறுவனம் நூலகங்களுக்கு விற்ற, பட்டியல் அட்டைகள் வைக்கும் பெட்டிகளை அப்புறம் வணிக அலுவலகங்களுக்கும் விற்றது. அமெரிக்க வெளியுறவுத் துறையே 1910இல் தன் கோப்புகளுக்குத் தசம எண் கொடுக்க ஆரம்பித்தது. இந்தியாவின் உள்நாட்டு அரசியல் என்றால் 845.00.

இங்கே நேரெதிரான தவறும் நடக்கிறது. இப்படிப்பட்ட எண்ணைப் பார்த்ததும் ‘இது நூலக முறை, மாற்றிவிடலாம்’ என்று கிளம்புகிறார்கள். வேண்டாம். அந்த எண்ணைக் கொடுத்தது அந்த அலுவலகமேதான், ஆகவே அதுதான் அந்தக் கோப்புகளின் சொந்த வரிசை. தேடுபவர்களும் கவனிக்க வேண்டும்: 1950இல் அந்தத் துறை எண் அட்டவணையை மாற்றியபோது அதே விஷயம் 791.00க்குப் போய்விட்டது, 845ஐ மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் ஐம்பதுகள் முழுக்கக் கைநழுவிப் போகும்.

எனக்கு அதிகம் வலிப்பது கழிவு விஷயம். யாரும் எடுத்துப் படிக்காத புத்தகத்தை நூலகர் கழிக்கலாம், இன்னொரு பிரதி எங்காவது இருக்கும். கோப்புக்கு அநேகமாக வேறு பிரதியே கிடையாது, நாற்பது வருடம் யாரும் தொடாத நிலக் கோப்பு நாளைக்கு ஒரு குடும்பத்துக்குத் தேவைப்படலாம். அதற்காக எல்லாவற்றையும் சேர்த்து வைப்பதும் சரியில்லை. இரண்டாம் உலகப் போர் குவித்த காகித மலைதான் அமெரிக்காவில் ஆவண மேலாண்மையைத் தனித் தொழிலாக வளர்த்தது, 1950இல் சட்டமும் வந்தது. எந்த வகைக் கோப்பை எத்தனை ஆண்டு வைப்பது என்று முதலிலேயே அட்டவணை போட்டு, பொறுப்பான அதிகாரியின் ஒப்புதல் வாங்கிய பிறகே எதையும் அழியுங்கள்.

நூலகர்களின் பட்டியல் போடும் கலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரே கோப்பை ஊர், பெயர், பொருள் என்று மூன்று தலைப்பில் பட்டியலில் காட்டலாம், கட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். கட்டைத் தூக்குவதற்கு முன்னால் எந்தப் பிரிவு, எந்த அலமாரி, எத்தனையாவது தட்டு என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.