மினி லாரிக்கு லோக்கல் வாடகை: கிலோமீட்டரை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள்

முதலில் வண்டி நின்றாலும் போகும் பணத்தைக் கூட்டுங்கள்: தவணை, இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட், டிரைவர் சம்பளம். உதாரணமாக மாதம் 36,000 ரூபாய் என்றால், 30-ஆல் அல்ல, வண்டி உண்மையில் ஓடும் 24 நாளால் வகுக்கவும். நாளுக்கு 1,500; இதுதான் நிலைச்செலவு. தவணை முடிந்துவிட்டதா? அந்தத் தொகையை அடுத்த வண்டிக்கு ஒதுக்குங்கள், வாடகையைக் குறைக்காதீர்கள்.

அடுத்து ஓட்டச் செலவு. டீசல், டயர், ஆயில், பிரேக் எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு 8 ரூபாய் என்று வைப்போம். மைலேஜை டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பாருங்கள்; ஷோரூமில் சொன்ன கணக்கு லோடு வண்டிக்குப் பொருந்தாது.

20 கி.மீ. லோடு என்றால் ஓட்டம் 20 இல்லை. ஸ்டாண்டிலிருந்து போக 5, காலியாகத் திரும்ப 20, ஆக 45 கி.மீ., 360 ரூபாய். நாளுக்கு இரண்டு நடைதான் கிடைக்கும் என்றால் நிலைச்செலவில் பாதி, 750. அடக்கம் 1,110, 15 சதவீத லாபத்தோடு சுமார் 1,275.

குறுகிய தூரத்தில் கையைக் கடிப்பது டீசல் அல்ல, காத்திருப்பு. குடோன் வாசலில் மூன்று மணி நேரம் நின்றால் இரண்டாவது நடை போச்சு. ஏற்ற இறக்க ஒரு மணி நேரம் இலவசம், அதற்குமேல் மணிக்கு 150 என்று முன்பே பேசிவிடுங்கள். டோல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி தனி.