கைப்பேசியை ஓயாமல் எடுத்துப் பார்ப்பதைக் குறைப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

இந்தப் பழக்கத்தை மன உறுதி ஒன்றைக் கொண்டே வெல்ல முயல்பவர்கள் விரைவில் சலித்துப்போகிறார்கள். கைக்கும் செயலிக்கும் நடுவே சிறுசிறு தடைகளை வைப்பதுதான் எனக்குப் பலன் தந்தது. இதற்காக எதையும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்ற, பயன்பாட்டைக் கணக்கிட்டு வரம்பு வைக்க உதவும் வசதிகள் 2018ஆம் ஆண்டிலேயே அறிமுகமாகிவிட்டன.

படி 1: அளந்து பாருங்கள்

முதல் வாரம் எதையும் மாற்றாமல் அந்த வசதி காட்டும் கணக்கை மட்டும் கவனியுங்கள். மொத்த நேரத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வழிகாட்டும் வரைபடம் ஒரு மணி நேரம் ஓடினாலும் அந்தக் கணக்கு ஏறிவிடும். பூட்டை எத்தனை முறை திறந்தீர்கள் என்பதையே பாருங்கள். ஐபோனில், எடுத்தவுடன் முதலில் திறந்த செயலி எது என்பதும் தெரியும். உங்களை இழுப்பது பெரும்பாலும் அந்தச் செயலிதான்.

படி 2: அறிவிப்புகளைச் சலித்தெடுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். பலரும் எல்லா அறிவிப்புகளையும் ஒரேயடியாக அணைத்துவிடுகிறார்கள். பிறகு முக்கியமான செய்தி ஏதேனும் வந்திருக்குமோ என்ற ஐயத்தில் முன்பைவிட அதிகமாகக் கைப்பேசியை எடுக்கிறார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வும் இதையொட்டியே அமைந்தது: நாளைக்கு மூன்று வேளை மட்டும் அறிவிப்புகளை மொத்தமாகப் பெற்றவர்களுக்குக் கவனம் கூடி மன அழுத்தம் குறைந்தது, அறிவிப்பே வராதவர்களுக்குப் பதற்றம் கூடியது.

ஆகவே செயலியை முழுவதுமாக அடக்காமல், அதன் உள்வகைகளைப் பிரித்து அணையுங்கள். ஆண்ட்ராய்டு 8 முதல் இது முடியும்: வந்திருக்கும் ஓர் அறிவிப்பை அழுத்திப் பிடித்து, அமைப்புகளுக்குள் சென்றால், அந்தச் செயலி அனுப்பும் அறிவிப்புகள் வகைவாரியாகத் தனித்தனிப் பொத்தான்களோடு தோன்றும். தனிநபர் செய்தியும் அழைப்பும் ஒலிக்கட்டும். குழுச் செய்திகள் ஓசையின்றி வரட்டும். விருப்பக்குறி, பரிந்துரை, சலுகை ஆகியவை வரவே வேண்டாம். ஐபோனில் அவசரமற்றவற்றை, நீங்கள் குறித்த நேரத்தில் தொகுப்பாக வரும்படி அமைக்கலாம். செயலிச் சின்னத்தின் மூலையில் நிற்கும் சிவப்பு எண்ணையும் மறக்காமல் அணையுங்கள். ஓசையே இல்லாவிட்டாலும் அது கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும்.

படி 3: முகப்புத் திரையைக் காலிசெய்யுங்கள்

அழைப்பு, செய்தி, கேமரா, வரைபடம் போதும். உங்களை அதிகம் இழுக்கும் செயலியை நீக்கிவிட்டு, அதே தளத்தை உலாவி வழியாகப் பயன்படுத்துங்கள்; ஒவ்வொரு முறையும் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள். கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் அந்தச் சில நொடிகளில், "இப்போது இது தேவைதானா?" என்ற கேள்வி தானாகவே எழும். முடிவின்றி உருளும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ரஸ்கின் பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். நிறுத்துவதற்கான இடம் பக்கத்தில் இல்லை என்பதால், அதை நுழைவாயிலிலேயே நாம் ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திரையைக் கறுப்பு வெள்ளையாக்குவதும் உதவும். ஆனால் படங்களையும் வரைபடத்தையும் பார்க்கும்போது அது தொல்லையாகி, பலர் ஒரே நாளில் கைவிட்டுவிடுகிறார்கள். ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் நிறம் மாறும்படி அமைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை தீரும்.

படி 4: நேர வரம்பு

ஒரு செயலிக்கு நீங்கள் வைத்த நேர வரம்பு முடிந்ததும் ஐபோன் காட்டும் திரையிலேயே அதைப் புறக்கணிக்கும் வழியும் இருக்கிறது. வரம்பின் முடிவில் செயலியைத் தடுக்கும் தெரிவை இயக்கி, ஸ்கிரீன் டைம் கடவுக்குறியை வீட்டில் வேறொருவரை அமைக்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் நீங்கள் வைத்த நேர வரம்பை நீங்களே எளிதாக எடுத்துவிடலாம் என்பதால், அங்கே செயலியை நீக்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

படி 5: படுக்கையறைக்கு வெளியே

தனி அலாரக் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு, கைப்பேசியை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள்.

பிற்சேர்க்கை: முதியோர் உள்ள வீட்டில் ஐந்தாம் படி சாத்தியமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். தொந்தரவு செய்யாதே நிலையில், குறிப்பிட்ட எண்களை மட்டும் அனுமதித்து, ஒலி கேட்கும் தொலைவில் கைப்பேசியை வையுங்கள். மீண்டும் அழைப்பவர்களை அனுமதிக்கும் தெரிவும் உண்டு: ஆண்ட்ராய்டில் ஒரே நபர் 15 நிமிடங்களுக்குள்ளும், ஐபோனில் 3 நிமிடங்களுக்குள்ளும் இரண்டாம் முறை அழைத்தால் மணி ஒலிக்கும்.

மூன்றாம் படியால் பலன் இல்லை என்று எழுதிய வாசகர்களின் உலாவியில் கடவுச்சொல் சேமிக்கப்பட்டிருந்தது. அது தானாகவே நிரம்பிவிடுவதால் தடையே இல்லாமல் போகிறது. அந்த ஒரு தளத்துக்கான கடவுச்சொல்லை மட்டும் உலாவியின் சேமிப்பிலிருந்து நீக்கிவிட்டு, காகிதத்தில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்துவிடுங்கள்.