புதுவையில் விஆர் கேமிங் சென்டர்: எந்தக் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

விஆர் (ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டினால் விளையாட்டுக்குள்ளேயே நிற்பது போலத் தெரியும் தொழில்நுட்பம்) சென்டர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் உட்கார்ந்து பார்ப்பது யூடியூப் விமர்சனங்களைத்தான். அவையெல்லாம் வீட்டில் ஒரே ஆள் போட்டுக்கொள்ளும் ஹெட்செட்டைப் பற்றியவை. கடையில் கதையே வேறு. பள்ளிப் பிள்ளைகள், மூக்குக்கண்ணாடி போட்டவர்கள், பீச்சில் சுற்றிவிட்டு வியர்வையோடு வருகிறவர்கள் என்று ஒரே ஹெட்செட்டை நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் மாட்டிக் கழற்றுவார்கள். அதனால் பல தலைக்கும் பொருந்துமா, பல கை பட்டும் தாங்குமா என்பதைப் பார்த்து வாங்குங்கள். கீழே சொல்லும் வரிசையில் போனால் போதும்.

1. டேப்பை எடுத்து இடத்தை அளங்கள்

நின்று ஆடும் ஒருவருக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது ஆறரை அடிச் சதுரம், தடையில்லாத தரை வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் ஆடினால் இடையில் கைவீச்சுக்கும் இடம் விட வேண்டும். புதுவை லாஸ்பேட்டையிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ 10 அடிக்கு 20 அடி கடை கிடைத்தால், நின்று ஆட இரண்டு இடம், வாசல் பக்கம் கல்லா, அவ்வளவுதான். கூரை தாழ்வாக இருந்தால் சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டுச் சுவர் ஃபேன் மாட்டுங்கள். ஆடுகிறவர் கையைத் தூக்கும்போது இறக்கை அவர் கண்ணுக்குத் தெரியாது.

கடை முகப்பு கண்ணாடி என்றால் தடித்த திரை கட்டாயம். ஹெட்செட்டை லென்ஸ் மேலே பார்த்தபடி வெயில் விழும் மேசையில் வைத்தால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிப்பது போல லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும். கொஞ்ச நேரமே போதும். அந்தப் புள்ளி பிறகு போகவே போகாது.

2. பழைய 3டி டிவி வேண்டாம்

ஹெட்செட்டுக்குப் பதில் 3டி டிவி வைக்கலாமே என்று தோன்றும், செகண்ட் ஹேண்டில் மலிவாகவும் கிடைக்கும். ஆனால் எல்ஜியும் சோனியும் 2017-லேயே 3டி டிவியைக் கைவிட்டுவிட்டன. என்விடியாவும் பிசி திரையை 3டி கண்ணாடி போட்டுப் பார்க்க வைத்த தன் 3டி விஷனுக்கான ஆதரவை 2019-இல் நிறுத்திவிட்டது. 3டி கண்ணாடி உடைந்தால் மாற்று தேடி அலைய வேண்டும். நேரே ஹெட்செட்டுக்கு வந்துவிடுங்கள்.

3. ஹெட்செட்: முதலில் கண், பிறகு பிக்சல்

இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஐபிடி என்பார்கள். பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மி.மீ. இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். லென்ஸ்களின் தூரம் இதோடு பொருந்தாவிட்டால் படம் மங்கும், தலை வலிக்கும், வந்தவர் திரும்பி வரமாட்டார். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் குவெஸ்ட் 3எஸ் ஹெட்செட்டில் 58, 63, 68 மி.மீ. என மூன்றே நிலைகள். குவெஸ்ட் 3-இல் சின்னச் சக்கரத்தைத் திருகி 58 முதல் 71 மி.மீ. வரை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆளை எழுத்து ஏதாவது படிக்கச் சொல்லிவிட்டு, எழுத்து தெளியும் வரை சக்கரத்தை மெல்லத் திருகக் கடைப் பையனுக்குப் பழக்கிவிடுங்கள்.

லென்ஸ் வகையும் முக்கியம். 3எஸ்-இல் இருப்பது ஃப்ரெனல், அதாவது வளையம் வளையமாக வரி வெட்டிய லென்ஸ். நடுவில் மட்டும்தான் நல்ல தெளிவு. குவெஸ்ட் 3-இன் பேன்கேக் லென்ஸில் (ஒளியை உள்ளேயே மடித்து அனுப்பும் மெல்லிய வகை) ஓரம் வரை தெளிவு இருப்பதால், ஹெட்செட்டைச் சற்றுக் கோணலாக மாட்டியவருக்கும் படம் தெரியும். முதல் முறை வருகிறவர்களில் பலர் கோணலாகத்தான் மாட்டுவார்கள். விலை கூடினாலும் கடைக்கு என் ஓட்டு குவெஸ்ட் 3-க்கே.

கூட வரும் துணிப்பட்டைக்குப் பதில், பின்னால் திருகி இறுக்கும் கெட்டியான பட்டை வாங்குங்கள். பேட்டரியோடு சேர்ந்து வருவதே நல்லது. உள்ளே உள்ள சார்ஜ் சுமார் 2 மணி நேரம்தான் நிற்கும்.

வயதைக் கேட்கத் தயங்காதீர்கள். மெட்டா 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேண்டாம் என்கிறது; பிளேஸ்டேஷன் விஆர்2-க்கு சோனி சொல்வது 12.

4. பிசி: இப்போதைக்குத் தள்ளிப்போடலாம்

குவெஸ்ட் தனியாகவே ஓடும். கார் ரேஸ் வைக்கப் போகிறீர்கள் என்றால்தான் ஆர்டிஎக்ஸ் 4070 மாதிரி 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்ட பிசி தேவை. நொடிக்கு 90 பிரேம் (அசையும் காட்சியின் ஒவ்வொரு படம்) ஓட, ஒவ்வொரு பிரேமும் 11 மில்லி நொடியில் தயாராக வேண்டும். திணறினால் ஆடுகிறவருக்குக் குமட்டும். பிசியிலிருந்து ரௌட்டருக்கு லேன் கேபிள், ஹெட்செட்டுக்கு மட்டும் தனி வைஃபை 6 ரௌட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வாடிக்கையாளர் போன்களை அதில் இணைக்க விடாதீர்கள்.

கண் ஓடுகிறது என்கிறது, உடலின் சமநிலையை உணரும் உள்காது உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது. இந்த முரண்தான் குமட்டலுக்குக் காரணம். புதியவர்களுக்கு நின்ற இடத்திலேயே ஆடும் விளையாட்டைக் கொடுங்கள், கார் ரேஸ் அப்புறம்.

5. உப்புக்காற்று, புயல், கரண்ட்

நம் ஊரில் பேட்டரி முனைகள் சீக்கிரம் பச்சை பூக்கும். இரவில் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரிலிருந்து பேட்டரியைக் கழற்றி, எல்லாவற்றையும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஏசியை ரொம்பக் குளிராக வைத்தால், குளிர்ந்த லென்ஸ் சூடான முகம் பட்டதும் ஆவி படியும்.

2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ. மழை கொட்டியது. பிசியும் பிளக் பாயின்ட்டும் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். இன்னொன்று: கரண்ட் போனாலும் ஹெட்செட் ஓடும், ஆனால் அறை இருட்டானால் அதன் கேமராக்களுக்கு வழி தெரியாது. ஒரு விளக்காவது இன்வெர்ட்டரில் எரிய வேண்டும்.

6. துடைப்பது

ஒரு ஹெட்செட்டுக்கு இரண்டு சிலிகான் முக உறை. ஒன்று காயும்போது இன்னொன்று. முகம் படும் இடத்தை ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் துடையுங்கள். லென்ஸில் ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் படக்கூடாது. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் கண் சிவந்து வருகிறவரிடம் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்.

7. லைசென்ஸ்

சொந்தக் கணக்கில் வாங்கிய கேமைக் காசுக்கு ஆட விடுவது பெரும்பாலும் விதிமீறல். பிசி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் இதற்கென்றே பிசி கஃபே திட்டம் உண்டு. கடை உரிமத்துக்குக் கடலூர் என்றால் மாநகராட்சி, லாஸ்பேட்டை என்றால் உழவர்கரை நகராட்சி.

தொடக்கத்தில் ஒரே மாடலில் மூன்று ஹெட்செட் வாங்குங்கள். இரண்டு ஓடும்போது மூன்றாவது சார்ஜில் நிற்கும். பட்டை, உறை, கன்ட்ரோலர் எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம்.