300 கெஜம்தானே என்று டிரைவர் மட்டையை உருவும் முன்

கோல்ஃப் மைதானத்தில் முதல் அடி அடிக்கும் இடமான டீயில் நின்று பார்த்தால் கொடி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். குட்டையான பார் 4 குழி: டீயிலிருந்து கொடிவரையுள்ள அந்தப் பாதையை நான்கு அடிகளில் முடிப்பது கணக்கு. வெகுதூரம் அடிக்கும் டிரைவரை எடுத்து, ஒரே அடியில் கிரீனுக்கு (கொடி நட்டிருக்கும், புல்லை ஒட்ட வெட்டிய தரை) போய்விடலாம் என்று கை பரபரக்கும். புதிதாக ஆடுகிறவர்கள் அதிக அடிகளை இழப்பது நீளமான குழிகளில் அல்ல, இந்த மாதிரிக் குழிகளில்தான் என்பது என் எண்ணம்.

முதலில், குழியைக் கிரீனிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் தாமஸ் வடிவமைத்த ரிவியேரா மைதானத்தின் 10-வது குழி இதற்கு நல்ல பாடம். நீளம் சுமார் 315 கெஜம்தான். இன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு எட்டுகிற தூரம். ஆனால் கிரீன் ஒடுங்கி, கோணலாகக் கிடக்கிறது. முன்னும் பின்னும் மணல். ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் இடையிலுள்ள புல்வெளி) இடப்பக்கமிருந்து அடித்தால் கிரீனின் நீளம் முழுவதும் நமக்குக் கிடைக்கும். வலப்பக்கமிருந்து அடித்தால் பந்து நிற்கவே இடமிருக்காது. அங்கே கிரீனுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பதைவிட எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதே பெரிது.

அடுத்து, தப்பினால் என்ன விலை? சிவப்புக் குச்சி நட்ட தண்ணீர்ப் பகுதி என்றால் தண்டனையாகக் கணக்கில் ஒரு அடி கூடும். எல்லைக்கு வெளியே போனால் அடியும் போச்சு, தூரமும் போச்சு; திரும்பவும் டீயிலிருந்து அடிப்பது மூன்றாவது அடி.

இப்போது கணக்கு. பயிற்சித் திடலில் டிரைவரால் பத்துப் பந்து அடித்து, ஒவ்வொன்றும் இந்தக் குழியில் எங்கே விழுந்திருக்கும் என்று நேர்மையாக எழுதுங்கள். உதாரணமாக 2 பர்டி (பாருக்கு ஒன்று குறைவு), 3 பார், 3 போகி (ஒன்று அதிகம்), 2 இரட்டை போகி (இரண்டு அதிகம்) என்றால் மொத்தம் பாருக்கு 5 அதிகம். தூரம் குறைவாகப் போகும் அயர்ன் மட்டையை எடுத்தால் 1 பர்டி, 5 பார், 4 போகி. 3 மட்டுமே அதிகம். பர்டி குறைந்தும் அயர்ன்தான் லாபம். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். அவற்றை நீங்களே எடுத்துப் பார்ப்பதுதான் முக்கியம்.

சரி, பாதுகாப்பாக ஆடுவது என்று முடிவானால் எவ்வளவு தூரம் அடிப்பது? குழியின் நீளத்திலிருந்து, உங்களுக்கு நன்றாகப் பழகிய வெட்ஜ் (குறைந்த தூரத்துக்கான மட்டை) தூரத்தைக் கழியுங்கள். குழி 290 கெஜம், முழு வீச்சில் வெட்ஜ் 90 கெஜம் போகும் என்றால் டீயிலிருந்து 200 போதும். அந்த இடத்தில் பங்கர் (மணல் பள்ளம்) இருந்தால் 180-ல் நிறுத்துங்கள். 40 கெஜத்தில் நின்று அரை வீச்சு வீசுவது தொடக்கக்காரர்களுக்குக் கடினம். இரண்டாவது அடியில் கொடியை மறந்து, கிரீனின் நடுவைக் குறி வையுங்கள்.

டீயிலிருந்தே கிரீனைக் குறி வைப்பதென்றால், முன்பகுதி திறந்திருக்க வேண்டும், காற்று பின்னாலிருந்து வீச வேண்டும், தப்பும் பக்கத்தில் தண்ணீர் இருக்கக் கூடாது. முன்னால் ஆடுகிறவர்கள் கிரீனை விட்டு நகரும்வரை காத்திருங்கள். அப்புறமும் பந்து யாராவது நிற்கும் பக்கம் போனால் உடனே ‘ஃபோர்’ என்று உரக்கக் கத்துங்கள்.