ரிங் பிரேமின் யூகேஜியை அளந்து ஒப்பிடுவது எப்படி?

ரிங் பிரேம் என்ற நூற்பு மெஷினில் ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் கரண்ட் ஆகிறது என்பதுதான் யூகேஜி (UKG). மாத பில்லை மொத்த உற்பத்தியால் வகுத்தால் கம்ப்ரசர், ஹியூமிடிஃபிகேஷன், லைட் எல்லாம் அதில் கலந்துவிடும். எந்த மெஷின் கரண்டைத் தின்கிறது என்று தெரிய மெஷின் வாரியாகத்தான் அளக்க வேண்டும்.

1. மீட்டர். பேனல் இன்கமரில் (மெஷினுக்கு சப்ளை நுழையும் இடம்) 0.5 கிளாஸ் துல்லியமுள்ள த்ரீ பேஸ் எனர்ஜி மீட்டர் போடுங்கள். மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் இருந்தால் அதற்கு முன்னால். டாங் டெஸ்டரில் (வயரைக் கவ்வி அளக்கும் கருவி) ஆம்பியர் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். பவர் ஃபேக்டர் தெரியாத ஆம்பியரால் பயனில்லை.

2. சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்; கரண்டை மீட்டருக்கு ஏற்றபடி குறைத்துத் தருவது). தவறு அதிகம் நடப்பது இங்கேதான். 200/5 சி.டி. மாட்டி, மீட்டரில் 100/5 என்று செட் செய்தால் ரீடிங் பாதிதான் வரும். ஒரு பேஸ் சி.டி. தலைகீழாக மாட்டியிருந்தால் மொத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். இரண்டு பேஸின் சி.டி.கள் இடம் மாறினால் கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால் மொத்தத்தை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு பேஸின் கிலோவாட்டையும் தனித்தனியே பாருங்கள். மூன்றும் பிளஸ்ஸில், ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். வயரை மாற்றும் முன் மெஷினை நிறுத்தி, சப்ளையையும் ஆஃப் செய்யுங்கள். லோடு ஓடும்போது சி.டி. செகண்டரி திறந்துவிட்டால் உயிருக்கே ஆபத்தான வோல்டேஜ் வரும்.

3. டாஃப் முதல் டாஃப் வரை. நிறைந்த காப்புகளை (நூல் சுற்றிய குழல்) கழற்றுவதுதான் டாஃப். காப் நிறைய நிறைய காற்றின் இழுவை கூடி கரண்டும் ஏறும். அரை மணி நேர ரீடிங் எடுத்தால், காப் காலியாக இருந்த மெஷின் நல்ல மெஷினாகத் தெரியும். குறைந்தது மூன்று முழு டாஃப் அளந்து சராசரி எடுங்கள்.

4. எடை. நல்ல நூலை மட்டும் எடை போடுங்கள்; நியூமாஃபில் கழிவு (இழை அறும்போது உறிஞ்சப்படும் பஞ்சு) சேரக் கூடாது. பருத்தி நூலுக்கு ஈரத்தைச் சரிக்கட்ட, உலர்ந்த எடையை 1.085ஆல் பெருக்குங்கள். கண்டிஷனிங் செய்த (ஈரம் ஏற்றிய) நூலை அப்படியே எடை போட்டால் யூகேஜி பொய்யாகக் குறையும்.

5. ஒப்பீடு. கவுண்ட் என்பது நூலின் நைஸைச் சொல்லும் நம்பர். 40ஆம் நம்பரையும் 60ஐயும் நேராக ஒப்பிடவே கூடாது. ஸ்பிண்டில் வேகமும் ட்விஸ்ட் மல்டிப்ளையரும் (இன்ச்சுக்கான முறுக்கை கவுண்ட்டின் வர்க்கமூலத்தால் வகுத்த எண்) ஒன்றாக இருந்தால், யூகேஜி கவுண்ட்டின் 1.5ஆவது அடுக்கில் ஏறும். 60/40 = 1.5, அதன் 1.5ஆவது அடுக்கு 1.84. உதாரணமாக, 40இல் ஓடும் பிரேம் 2.2, 60இல் ஓடுவது 3.8 என்று வைத்துக்கொள்வோம். 60இன் யூகேஜியை 40க்கு மாற்றினால் 3.8 ÷ 1.84 = 2.07; இது 2.2ஐவிடக் குறைவு. பார்வைக்கு மோசமாகத் தெரிந்த பிரேம்தான் சிக்கனமானது!

ட்விஸ்ட் மல்டிப்ளையர் வேறானால், இன்ச்சுக்கான முறுக்கை கவுண்ட்டால் பெருக்கி, அந்த விகிதத்தால் வகுங்கள்.

சேர்க்கை: வேகம் வேறான மெஷின்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வேகம் 10 சதவீதம் ஏறினால் உற்பத்தியும் ஏறக்குறைய அதே அளவுதான் ஏறும். கரண்ட் அதைவிட அதிகமாக ஏறும். யூகேஜி எழுதும் ஏட்டில் பக்கத்திலேயே ஸ்பிண்டில் வேகம், ரிங் விட்டம், லிஃப்ட் (காப்பில் நூல் சுற்றும் உயரம்) மூன்றையும் எழுதி வையுங்கள்.