ஸ்பீக்கர் வாங்குறதுக்கு முன்னாடி காதைப் பழக்குங்க

வீட்ல நல்லா பாட்டு கேக்கணும்னு புதுசா இந்தப் பக்கம் வர்றவங்க முதல்ல கேக்குறதே எந்த ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டுற ஆம்ப்ளிஃபையர்) வாங்கலாம், எந்த டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு ஏத்த சிக்னலா மாத்துறது) வாங்கலாம்னுதான். அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க. கேக்குற சத்தத்தை நிஜமா மாத்துறது ஸ்பீக்கரும் அதை வைக்கிற ரூமும்தான், ஆம்ப் அதுக்கப்புறம், கேபிள் ரொம்ப ரொம்ப அப்புறம்.

நல்லா மனப்பாடமான நாலஞ்சு பாட்டை எடுத்து வச்சுக்கங்க, எங்க போய்க் கேட்டாலும் அதையே போடுங்க. குரல் ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல நிக்குதா, 'ஸ' வர்ற இடம் காதைக் குத்துதா, பேஸ் கிட்டார்ல ஒவ்வொரு நோட்டும் தனித்தனியா தெரியுதா இல்ல எல்லாமே ஒரே 'தும் தும்'மா கேக்குதா, இதை மட்டும் கவனிச்சாப் போதும். கடையில கேட்டதும் 'ஆஹா'ன்னு இருக்குற ஸ்பீக்கர் மேல எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம் உண்டு. ட்ரெபிளை, அதாவது மேல் ஸ்தாயி சத்தத்தை, தூக்கி விட்டா அஞ்சு நிமிஷம் பளிச்சுன்னு இருக்கும், ஒரு மணி நேரத்துல தலை வலிக்கும்.

ரெண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது வால்யூம் சமமா இருக்கணும், இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ஒண்ணு ஒரு டெசிபல் கூட இருந்தாலே நமக்கு அது 'சத்தமா இருக்கு'ன்னு தோணாது, 'நல்லா இருக்கு'ன்னுதான் தோணும். போன்ல சவுண்ட் மீட்டர் ஆப் போட்டு, பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயியும் கலந்து 'ஷ்ஷ்'னு கேக்குற ஒரு டெஸ்ட் சத்தம்) ஓடவிட்டு ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துட்டு அப்புறம் கேளுங்க, பாதி வித்தியாசம் காணாமப் போயிடும்.

டப்பாவுல பிஎம்பிஓ (கண நேர உச்ச பவர்னு விளம்பரத்துக்குப் போடுற நம்பர்) வாட்ஸ்னு ஆயிரக்கணக்குல போட்டிருந்தா கண்டுக்காதீங்க, ஆர்எம்எஸ் (தொடர்ந்து ஓடக்கூடிய பவர்) எவ்வளவுன்னு பாருங்க. அதைவிட முக்கியம் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் குடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல எத்தனை டெசிபல் சத்தம் வருதுங்கிறது. வாட்ஸை டபுள் பண்ணாக் கிடைக்கிறது வெறும் 3 டெசிபல்தான், அதனால 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்ஸ்ல குடுக்குற சத்தத்தை 84 டெசிபல் ஸ்பீக்கர்ல கொண்டுவர 40 வாட்ஸ் வேணும். ஓம்ஸ் குறையக் குறைய ஆம்ப் மேல சுமை கூடும், அதனால 4 ஓம்ஸ் ஸ்பீக்கர்னா ஆம்ப் அதைத் தாங்குமான்னு மேனுவல்ல பாத்துக்கங்க.

இப்ப ரூமுக்கு வருவோம், காசே இல்லாம அதிகம் கிடைக்கிறது இங்கதான். ரெண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சேர்ந்து ஒரு சம முக்கோணம், ட்வீட்டர் (மேல் ஸ்தாயி சத்தம் குடுக்குற குட்டி ஸ்பீக்கர்) காது உயரத்துக்கு. சுவரை ஒட்டி வச்சா பேஸ் ஏறும், மூலையில வச்சா இன்னும் ஏறும், கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி இழுத்துப் பாருங்க. எதிரெதிர் சுவருக்கு நடுவுல 4 மீட்டர் இருந்தா 43 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு பேஸ் நோட்டு சுவர் ஓரமா குமுறும், அதே நோட்டு நடு ரூம்ல ஆளையே காணோம்னு ஆயிடும். அதனால சேரைச் சரியா நடுவுல போடாதீங்க. சப்வூஃபர் (பேஸுக்குன்னே தனியா வர்ற பெட்டி) இருந்தா அதைத் தூக்கி உங்க சேர் மேலேயே வச்சு ஒரு பேஸ் பாட்டைப் போட்டுட்டு, நீங்க சுவர் ஓரமாத் தவழ்ந்துக்கிட்டே போங்க (வீட்ல சிரிப்பாங்க, பரவால்ல), எந்த இடத்துல பேஸ் சீரா கேக்குதோ சப்பை அங்க வச்சிடுங்க. ஒருவேளை குரல் நடுவுல நிக்காம எங்கேயோ மிதக்குது, பேஸும் செத்துக் கிடக்குதுன்னா பயப்படாதீங்க, ஒரு ஸ்பீக்கர்ல சிவப்பு கருப்பு வயர் மாறியிருக்கும்.

பழசு வாங்குறவங்க வூஃபரை (பேஸ் குடுக்குற பெரிய ஸ்பீக்கர்) சுத்தி இருக்குற ஃபோமை லேசா விரலால தொட்டுப் பாருங்க, உதிர்ந்தா அதை மாத்துற செலவையும் கணக்குல சேருங்க. அதோட கோனை ரெண்டு பக்கமும் விரல் வச்சு சமமா மெதுவா அமுக்குங்க, 'சர்ர்'னு உரசுற சத்தம் வந்தா உள்ள இருக்குற காயில் போயிருக்குன்னு அர்த்தம், வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுங்க. ஆம்ப்ல வால்யூம் திருகும்போது கரகரன்னா அது பெரிய விஷயமில்ல, பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனர் அடிச்சாலே சரியாயிடும், ஆனா விலையைக் குறைச்சுக் கேக்க அது ஒண்ணே போதும்.